பின்னணி வேலைகளைக் கொஞ்சம் காத்திருக்க வைக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆனதும் பலரும் சொல்லும் குறை, "முன்பு போல வேகம் இல்லை" என்பதுதான். நீங்கள் திறந்திருப்பது ஒரே ஒரு புரோகிராமாக இருக்கலாம். ஆனால் திரையில் தெரியாமல் பல வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அப்டேட் இறங்கும், ஆன்டிவைரஸ் பைல்களைச் சோதிக்கும், போட்டோக்கள் இணையத்திற்கு ஏறும். எல்லாம் தேவையானவைதான். அவசர வேலையில் குறுக்கிடும்போதுதான் சிக்கல்.

பெரம்பலூரில் என் நண்பர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோவை எடிட் செய்து ரெண்டர் கொடுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். அதுவரை வாடிக்கையாளருக்கு ஆல்பத்தைத் திறந்து காட்டக்கூட முடியாது. ஒரு நாள் அவர் கடையில் உட்கார்ந்து கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என நான்கு தலைப்புகளும் அவற்றின் மேல் சதவீதமும் தெரியும். சிபியு 100-ல் நின்றது. மற்றவை சும்மா இருந்தன.

வீடியோ புரோகிராமின் பெயரில் ரைட் கிளிக் செய்து 'கோ டு டீடெய்ல்ஸ்' தேர்வு செய்தேன். அங்கே மீண்டும் ரைட் கிளிக் செய்தால் 'செட் பிரியாரிட்டி' கிடைக்கும். அதில் 'பிலோ நார்மல்' கொடுத்தேன். அவ்வளவுதான்! ஆல்பம் உடனே திறந்தது.

டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது டீ பார்சல் ஆர்டர் இருந்தாலும், எதிரே நிற்பவருக்கு முதலில் டீ கொடுத்துவிட்டு, இடைவெளியில் பார்சலைப் போடுவார் மாஸ்டர். ஆள் இல்லாதபோது பார்சல் முழு வேகத்தில் போகும். ரெண்டரும் அப்படித்தான். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் இதே வேலைக்கான கட்டளையின் பெயர் 'நைஸ்'. மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும் நல்ல பிள்ளை என்று பொருள்!

புரோகிராமை மூடித் திறந்தால் பிரியாரிட்டி பழையபடி ஆகிவிடும். மறுபடி கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் 'ரியல்டைம்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். மவுசும் கீபோர்டும்கூட நின்றுபோகலாம்.

இந்த வித்தை எல்லா இடத்திலும் பலிக்காது. அதை எனக்குப் புரியவைத்தது அரியலூரில் உள்ள சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் சித்தப்பா மகள் கல்லூரி விருப்பங்களைப் பதிய வேண்டிய கடைசி நாள். மதியம் போன் வந்தது. "அண்ணா, மவுஸ் நகருது, பேஜ்தான் திறக்க மாட்டேங்குது!"

நானும் பெரிய ஆள் மாதிரி, பிரவுசருக்கு 'ஹை' பிரியாரிட்டி கொடுக்கச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிடம் வீணானது. பிறகுதான் நான்கு தலைப்புகளையும் படிக்கச் சொன்னேன். சிபியு 20 சதவீதம், டிஸ்க் 100!

இங்கே பிரியாரிட்டி உதவாது. அது சிபியு யாருக்கு முதலில் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. தண்ணீர் எடுத்துவரப் போன பையன் திரும்பாவிட்டால் டீ மாஸ்டர் என்ன செய்வார்? பழைய ஹார்ட் டிஸ்க்கில் தகவலைத் தேடும் கை அங்குமிங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும். இரண்டு மூன்று புரோகிராம்கள் ஒரே நேரத்தில் கேட்டால் நகர்வதிலேயே நேரம் போய்விடும்.

'டிஸ்க்' என்ற தலைப்பில் கிளிக் செய்தால் அதிகம் பயன்படுத்தும் புரோகிராம் மேலே வரும். காலையில் சித்தப்பா 'புல் ஸ்கேன்' கொடுத்துவிட்டு மறந்திருக்கிறார். கூடவே கிரகப்பிரவேசப் போட்டோக்கள் ஒன்டிரைவில் ஏறிக்கொண்டிருந்தன. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேனை கேன்சல் செய்யச் சொன்னேன். ஆன்டிவைரசையே நிறுத்த வேண்டாம். ஒன்டிரைவின் மேக ஐகானில் 'பாஸ் சிங்கிங்' கொடுத்து 2 மணி நேரம் தேர்வு செய்தாள். டிஸ்க் இறங்கியது, பேஜ் திறந்தது. (வீடியோ காலில் படம் உறைந்தாலும் இதே 'பாஸ்' கைகொடுக்கும். அங்கே பார்க்க வேண்டியது நெட்வொர்க்.)

விருப்பங்களைச் சேமித்து முடித்தபோது இன்னும் ஒரு மணி நேரம் மீதமிருந்தது. ஸ்கேனை அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஓடவிட்டார் சித்தப்பா. தீபாவளிக்கு நான் போனபோது ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொடுத்தேன். அதில் நகரும் கை கிடையாது.