டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் காதுக்குத் தெரியக் கூடாது

காரில் சப்வூஃபர் மாட்டுகிறவர்களில் பலர் முதலில் கை வைப்பது ஆம்பில் இருக்கும் கெயின் திருகில்தான். பேஸ் போதவில்லை என்றால் அதை ஏற்றுகிறார்கள். இன்னும் வேண்டும் என்றால் பேஸ் பூஸ்ட்டையும் ஏற்றுகிறார்கள். சத்தம் கூடத்தான் செய்கிறது. ஆனால் கெயின் வால்யூம் திருகு கிடையாது. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ 2 வோல்ட் சிக்னல் அனுப்புகிறதா, 4 வோல்ட் அனுப்புகிறதா என்று பார்த்து, அதற்குத் தக்கபடி ஆம்பைப் பொருத்திக்கொள்ளத்தான் அதை வைத்திருக்கிறார்கள். 4 வோல்ட் தரும் ஸ்டீரியோவோடு கெயினை முழுக்க ஏற்றிவிட்டால், வால்யூம் பாதியைத் தொடும் முன்பே ஆம்ப் தன் முழு சக்தியை எட்டிவிடும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். கிளிப்பிங் என்பது இதுதான். அப்படியே நெடுநேரம் ஓட விட்டால் வாய்ஸ் காயில் சூடேறி, பசை கருகும் வாடை டிக்கியிலிருந்து வர ஆரம்பிக்கும்.

அதனால் கெயினை நான் காதை நம்பி வைப்பதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். அக்கா மகன் காரில் செய்ததையே சொல்கிறேன். 12 அங்குல சப்வூஃபர், போர்ட் வைத்த பெட்டி, 4 ஓம். அந்த 4 ஓமுக்கு ஆம்ப் தருவது 300 வாட். வாட்டையும் ஓமையும் பெருக்கினால் 1200. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34.6. ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் மீட்டர் காட்ட வேண்டிய ஏ.சி. வோல்ட் அதுதான்.

இன்ஜினை ஓட விட்டோம். நிற்கும் வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும், ஓடும்போது 14 பக்கம் வரும். வண்டி ஓட்டும்போது இருக்கிற நிலையில் அளப்பதுதான் முறை. சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசர், லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம். கையருகே வைக்கும் பேஸ் ரிமோட் இருந்தால் அதை மட்டும் முழுதாக ஏற்றி வைக்க வேண்டும். ஸ்டீரியோ வால்யூம் முக்கால் பங்கு. 50 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஓட விட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால் கெயினைக் கீழிருந்து மெல்லத் திருப்பினேன். 20, 27, 33... 34.6 வந்ததும் நிறுத்திவிட்டேன்.

“மாமா, பாதிகூடத் திருப்பலையே, இது பத்துமா?”

“பத்தும்டா. ஆம்ப்கிட்ட இருக்கறதே அவ்வளவுதான்.”

மீட்டர் காட்டுவது அளவை மட்டும்தான். அலை வெட்டுப்படுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்கள்.

அடுத்து லோ பாஸ். நான் 80 ஹெர்ட்ஸில்தான் தொடங்குவேன். அதற்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. 120, 150 என்று ஏற்றினால் ஆண் குரலின் அடிப்பகுதி சப்வூஃபருக்குள் இறங்கிவிடும்; பாடகர் முன்னாலும் பாடுவார், டிக்கியிலிருந்தும் பாடுவார். கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹை பாஸையும் அதே 80-ஐ ஒட்டி வையுங்கள். அடிச்சத்தம் சுமக்கும் வேலை குறைந்ததும் அந்தச் சிறிய ஸ்பீக்கர்கள் எவ்வளவு தெளிவாகப் பாடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள்! ஸ்டீரியோவிலும் லோ பாஸ் இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் போடுங்கள்.

போர்ட் பெட்டிக்கு சப்சோனிக் ஃபில்டர் கட்டாயம். பெட்டியின் டியூனிங் 35 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் 30 பக்கம் இருக்கட்டும். டியூனிங்குக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் காற்று கோனைத் தாங்காது. அது கட்டுப்பாடில்லாமல் முன்னும் பின்னும் பாயும். மூடிய பெட்டிக்கு அந்தப் பயம் குறைவு. பேஸ் பூஸ்ட்டை நான் பூஜ்யத்திலிருந்து நகர்த்துவதே இல்லை. 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப் இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும், 12 ஏற்றினால் 16 மடங்கு. 300 வாட் ஆம்ப் அதற்கு எங்கே போகும்?

ஃபேஸ் சுவிட்சைப் பலர் தொடுவதே கிடையாது. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல். டிக்கிக்கும் முன்கதவுக்கும் உள்ள தூர வித்தியாசத்தில் இரண்டு ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிட வாய்ப்பு உண்டு. பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடமாடும் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் ஒருவரை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் கிட்டார் நிறைந்து, டேஷ்போர்டிலிருந்து வருவது போல் கேட்கிறதோ அதுவே சரி. அக்கா மகன் காரில் 180-தான் பொருந்தியது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் 41 ஹெர்ட்ஸ். அதுவரை ஒவ்வொரு சுரமும் ஒரே சீராகக் கேட்டால் வேலை நன்றாக வந்திருக்கிறது.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கினால் திருகுகளை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். எர்த் ஒயர் குட்டையாக, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். கர்ரென்ற சத்தம் வந்தால் சப்வூஃபரைத் திட்டும் முன் நம்பர் பிளேட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

1960-களின் பாட்டுக்கு டிக்கி அதிரவில்லையே என்று மறுபடி கெயினுக்குப் போகாதீர்கள். அந்தப் பதிவுகளில் அவ்வளவு தாழ்ந்த ஒலி அதிகம் இல்லை. ஸ்டீரியோவில் சப் லெவல் என்று ஒன்று இருக்கும். பாட்டுக்குப் பாட்டு மாற்றுவதற்கு அது போதும்.