கடிகாரம் ஸ்லோ ஆகுதா, காலமேவா?

ரிலேட்டிவிட்டி படிச்சப்போ உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். வேகமாகப் போனால் காலம் மெதுவாகும் என்கிறார்களே, ஸ்லோ ஆகுறது வெறும் கடிகாரம்தானே? பேட்டரி வீக்கானாலும் கடிகாரம் ஸ்லோதான்! நியாயமான கேள்வி. அப்போ பேட்டரி, ஸ்பிரிங், பல்சக்கரம் எதுவுமே இல்லாத ஒரு கடிகாரத்தைப் பார்ப்போம்.

அதுதான் மியூவான். எலக்ட்ரானுக்கு அண்ணன் மாதிரி, 207 மடங்கு நிறை. அடிப்படைத் துகள் என்பதால் உள்ளே ரிப்பேர் ஆகப் பாகமே கிடையாது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலே மோதும்போது பிறக்குது. (இப்போகூட உங்க உள்ளங்கை வழியா நொடிக்கு ஒன்று போயிட்டிருக்கும்.) சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெகண்ட். ஒளி வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்டலாம்.

1963-ல் அமெரிக்காவின் ஃபிரிஷ், ஸ்மித் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் மலை உச்சியில், ஒளி வேகத்தில் சுமார் 99.5% வேகத்தில் வரும் மியூவான்களை எண்ணினார்கள்: மணிக்கு சுமார் 560. பிறகு 1,900 மீட்டர் கீழே, கடல் மட்டத்தில் எண்ணினார்கள். சாதாரணக் கணக்குப்படி 27தான் மிஞ்சணும். கிடைச்சது 400-க்கும் மேல்! மியூவானின் காலம் கிட்டத்தட்ட 9 மடங்கு மெதுவாக ஓடியிருக்கு.

சரி, மியூவான் பக்கம் நின்று பார்த்தால்? அதுக்கு எதுவும் ஸ்லோவாகத் தோணாது, ஆயுள் அதே 2.2தான். ஆனால் எதிரே பாய்ந்து வரும் மலை 200 மீட்டர் சொச்சமாகச் சுருங்கியிருக்கும். காலம் நீண்டதா, மலை சுருங்கியதா, எது நிஜம்? ரெண்டும்தான். கீழே வைத்த கவுண்டர் காட்டும் எண் ரெண்டு கணக்கிலும் ஒன்றே.