முடி கொட்டுகிறதா? லாச்சப்பலில் எண்ணெய் வாங்கும் முன் சில குறிப்புகள்

பாரிஸின் லாச்சப்பல் போபூர் சென்-தெனி வீதியில் தலைமுடிக்கான பொருள் இல்லாத பலசரக்குக் கடை இல்லை. கரிசலாங்கண்ணித் தைலம், நெல்லி எண்ணெய், வெங்காய ஷம்பு, வெந்தயப் பொடி என்று ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருப்பார்கள். வாங்குவதில் பிழையில்லை. ஆனால் எந்த வகை உதிர்வு என்று தெரியாமலே ஒரு வருடமாக எண்ணெய் மாற்றி மாற்றிப் பூசுகிறவர்கள் நம்மிடையே நிறைய. சில வகை உதிர்வு தானாக நின்றுவிடும். வேறு சிலவற்றுக்கு அந்த ஒரு வருடம்தான் மருந்து நன்றாக வேலை செய்யக்கூடிய காலம். அதைத் தவற விடக்கூடாது.

1. “பாரிஸ் தண்ணி பட்டதுதான், முடியெல்லாம் போச்சு” என்று சொல்லாத வீடு இல்லை. இங்கத்தைய குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பது உண்மை. கேத்தலின் அடியில் படிவதைப் பார்க்கிறோம். அது முடியின் மேற்பரப்பில் படிந்து வறட்சியாக்கும், நுனியை முறிக்கும், சீயக்காயையும் சவர்க்காரத்தையும் நுரைக்க விடாது. ஆனால் தோலுக்குள் இருக்கும் முடிவேரை அது தொடுவதில்லை. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, தண்ணீர் காரணமல்ல. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் முறிந்தது. முறிகிறவர்கள் தலை கழுவியபின் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து கடைசியாக ஊற்றி, பிறகு வெறும் தண்ணீரில் அலசிக்கொள்ளலாம்.

2. வேரோடு உதிர்கிறதென்றால், நாட்காட்டியை எடுத்து இரண்டு மூன்று மாதம் பின்னால் போங்கள். கடும் காய்ச்சல், டெங்கு, கொரோனா, பிரசவம், சத்திரசிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைத்தது, பெரிய துயரம் ஆகியவற்றில் ஏதாவது இருந்ததா? உடல் அதிர்ந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் பல ஒன்றாக ஓய்வுக்குப் போகும். அந்த ஓய்வு ஏறத்தாழ மூன்று மாதம். அது முடிய எல்லாம் சேர்ந்து கொட்டும். புதிதாக வந்தவர்கள் தண்ணீரைச் சந்தேகிப்பதற்கும் காரணம் இதுதான். பயண அலைச்சல், அரைச் சாப்பாடு, விசாப் பயம், நித்திரையில்லாத இரவுகள் எல்லாம் வரும் வழியிலும் வந்த புதிதிலும் நடந்தவை. முடி கொட்டும்போது அவர்கள் பாரிஸ் குழாயடியில் நிற்கிறார்கள். இந்த வகை பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கும். வேர் சாகவில்லை, முடி திரும்ப வரும். பிள்ளை பெற்ற தாய்மாருக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அழுதுகொண்டிருப்பவர்கள் அவர்கள்தான்.

3. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி உண்டு. குளிருக்குப் பயந்து கிழமைக்கு ஒருமுறை மட்டும் முழுகுகிறவர்களுக்கு, ஒரு கிழமை உதிர வேண்டியது அன்று ஒரேயடியாகக் கையோடு வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

4. கொட்டும் அளவைவிடக் கொட்டும் இடம் முக்கியம். ஆண்களுக்கு நெற்றியின் இரு மூலைகளும் உச்சியும் மெலிந்தால் அது பரம்பரை வழுக்கை. பெண்களுக்கு வகிடு அகலமாகும். முன்வரிசை பெரும்பாலும் நிற்கும். காசு அளவில் வட்டமாக, வழுவழுப்பாக வெறுமையானால் புழுவெட்டு. பிரெஞ்சில் ‘பெலாட்’ என்பார்கள். பிள்ளைகளின் தலையில் செதிலோடு முடி ஒடிந்த வட்டம் இருந்தால் பூஞ்சைத் தொற்று. தோல் சிவந்து, எரிந்து, பிறகு துளையே தெரியாமல் பளபளப்பானால் அது தழும்பு வகை. அதில் போன முடி திரும்பாது. ஆகையால் அதற்கு ஒரு கிழமைகூடத் தாமதிக்கக்கூடாது.

5. மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், உச்சியையும் வகிட்டையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடி ஏமாற்றும், ஆறு மாதப் படங்கள் ஏமாற்றாது. வைத்தியருக்கும் அதுவே பெரிய உதவி.

6. தேங்காயெண்ணெய் நல்லது, ஆனால் எதற்கு என்று தெரிந்து பூசுங்கள். முடியிலிருந்து புரதம் கழிவதை அது குறைக்கிறது என்று மும்பையின் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் காட்டினார்கள். தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனம் அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முறிவைக் குறைக்க, தலை கழுவும் முன் பூசுங்கள். வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் எண்ணெய் என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. பொடுகும் அரிப்பும் உள்ளவர்கள் எண்ணெயை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குத் தீனியே எண்ணெய்ப் பசைதான்.

7. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பது சரியல்ல. வெட்டுவது செத்த பகுதியை. வேருக்கு அது தெரியாது. மழிப்பதால் முடியின் தடிப்போ வேகமோ மாறுவதில்லை என்று மில்ட்ரெட் ட்ரொட்டர் 1928இலேயே அளந்து எழுதினார். நேர்த்திக்காக மொட்டையடியுங்கள். முடிக்காகப் பிள்ளையை அழவைக்க வேண்டாம்.

8. “தாய்மாமனுக்கு வழுக்கை, அதனால் எனக்கும்” என்பது பாதி உண்மை. தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு முக்கிய மரபணு இருக்கிறது. ஆனால் பிரித்தானியாவில் 52,000க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து 2017இல் வெளியான ஆய்வு, வழுக்கையோடு தொடர்புள்ள 280க்கு மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டது. பெரும்பாலானவை தந்தை தாய் இருவர் வழியும் வரக்கூடியவை. மரபு மட்டும் போதாது, ஆண் ஹோர்மோனும் வேண்டும். பருவமடையுமுன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழாததை ஜேம்ஸ் ஹமில்டன் 1942இல் எழுதினார். சமையலறைத் தொப்பியும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசமும் வழுக்கையை உண்டாக்குவதில்லை. வேலைக்குப் பயப்படாமல் போடுங்கள். வியர்வையைக் கழுவினால் போதும்.

9. பரம்பரை வழுக்கைக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இரண்டு. முதலாவது மினொக்சிடில். இரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளரவே, 1988இல் அமெரிக்கா தலையில் பூசும் மருந்தாக ஒப்புக்கொண்டது. பிரான்ஸில் பார்மசியில் ஓர்டோனான்ஸ் (வைத்தியரின் மருந்துச் சீட்டு) இல்லாமலே கிடைக்கும். சமூகக் காப்பீடு பணம் திருப்பித் தராது. முதல் சில கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டும். அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதத்தில் வந்த முடி போய்விடும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் கூடாது. இருதய நோயாளிகள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

10. சிறிய வீட்டில் எல்லோரும் ஒன்றாகப் படுக்கும் நம் குடும்பங்களுக்கு இது முக்கியம். மினொக்சிடில் பூசிய அப்பாவின் தலையையோ தலையணையையோ தொட்ட கைக்குழந்தைகளுக்கு முதுகிலும் தொடையிலும் முடி வளர்ந்த சம்பவங்களை ஸ்பெயினின் நவார்ரா மருந்துக் கண்காணிப்பு மையம் எடுத்துக்காட்டியது. மருந்தை நிறுத்தியபின் அந்த முடி உதிர்ந்துவிட்டது. பூசியதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்; நன்றாகக் காயவிடுங்கள்; தலையணை உறையைத் தனியாக வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம்: பூனைக்கு இந்த மருந்து நஞ்சு.

11. வழுக்கைக்கான இரண்டாவது மருந்து ஃபினாஸ்டரைட், ஆண்களுக்கு மட்டும், நாளுக்கு 1 மில்லிகிராம். ஹோர்மோனை மாற்றும் நொதியைத் தடுக்கும். 1997இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. பிரான்ஸில் ஓர்டோனான்ஸ் கட்டாயம். சிலருக்குப் பாலுணர்வு குறையும், மனச்சோர்வு வரும். தற்கொலை எண்ணமும் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் உறுதிசெய்தது. முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்கவேண்டாம். மனநிலை மாறினால் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை அளவை இந்த மாத்திரை ஏறத்தாழ பாதியாகக் காட்டும். ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பித்து, தானாக விழுங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

12. பெண்களுக்கு வகிடு அகலமானால் முதலில் இரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின், தைரொயிட் இரண்டையும் கேளுங்கள். மாதவிடாய் அதிகமுள்ளவர்களுக்கும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் இரும்புச்சத்து குறைவது சாதாரணம். லாச்சப்பல் கடைகளில் முருங்கையிலை, நெத்தலி, பயறு எல்லாம் கிடைக்கின்றன. சோறு சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பது இரும்பு சேர்வதைக் கெடுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டோடு எலுமிச்சம்புளி சேருங்கள். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம்.

13. முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்குப் பலன் தருவதாக நிரூபணமில்லை. தைரொயிட், மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை அது பிழையாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுக்குமுன் ஆய்வுகூடத்தில் சொல்லுங்கள். செலெனியம் என்ற சத்திலும் கவனம் வேண்டும். 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டக் கிராமங்களில் சில நாட்களுக்குள் பலருடைய தலை வெறுமையானது. ரேஷன் கோதுமையில் இருந்த மிகையான செலெனியமே காரணம் என்று மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் சொன்னார். சத்து என்ற பெயரில் கூடிப்போனாலும் முடி கொட்டும்.

14. கலியாணத்துக்கு முடி நேராக்கப் போகும் பிள்ளைகளுக்கு: கிளையொக்சிலிக் அமிலம் உள்ள ‘பிரேசில்’ நேராக்கல் சிறுநீரகத்தைத் திடீரெனச் செயலிழக்கச் செய்த சம்பவங்களைக் காட்டி, பிரான்ஸின் உணவு, சுற்றாடல் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. சலூனில் போத்தலைத் திருப்பிப் பெயரை வாசியுங்கள். இழுத்துக் கட்டும் பின்னலும் ஒட்டுமுடியும் நெற்றியோரத்தை நிரந்தரமாக வெறுமையாக்கும்.

15. மலிவு விலையில் இஸ்தான்புல் போய் முடி நடுவது இங்கே இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. நடுவதற்கான முடி பின்தலையிலிருந்துதான் வரும். அதற்கு அளவுண்டு, ஒருமுறை வீணானால் திரும்பாது. இருபத்திரண்டு வயதில் நட்டால், சுற்றியுள்ள முடி பிறகும் உதிர்ந்து நட்டது மட்டும் தனித்து நிற்கும். கத்தியைப் பிடிப்பது யார், மயக்க மருந்து கொடுப்பது யார் என்று எழுத்தில் கேளுங்கள். 2016 மே மாதம் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நடும் சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். தகுதிபெற்ற மருத்துவர்தான் இதைச் செய்யவேண்டும் என்று இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

16. புழுவெட்டுக்கு வெங்காயமும் மிளகும் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள். உடலின் காவல் அணுக்கள் சொந்த முடிவேரையே தாக்குவதால் வருவது அது. சின்ன வட்டங்கள் பலருக்குத் தானாக மூடும். தலை முழுக்கப் பரவிய கடும் நிலைக்கு இப்போது மாத்திரையே உண்டு: பரிசிட்டினிப் 2022இலும், 12 வயது முதல் கொடுக்கக்கூடிய ரிட்லெசிட்டினிப் 2023இலும் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றன. எச்சரிக்கைகள் உள்ள மருந்துகள். தோல் நிபுணர்தான் தொடங்குவார். கூந்தல் முழுவதையும் இழந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு இது பெரிய செய்தி.

17. மழிக்கும் கருவியால் பூஞ்சைத் தொற்று பரவுவது ஐரோப்பாவில் சில ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. சலூனில் ஒவ்வொரு தலைக்கும் கருவியைச் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். பிள்ளைக்குத் தொற்றினால் கிரீம் போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும். ஒரு காலத்தில் இந்த நோய்க்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே ஒதுக்கினார்கள். அவர்களைக் குணப்படுத்தப் பாடுபட்ட ரேமொன் சபூரோ வேலைசெய்த இடம் நமக்குப் பக்கத்திலேயே, பத்தாம் வட்டாரத்தில் இருக்கும் சென்-லூயி வைத்தியசாலை. 1607இல் நான்காம் ஹென்றி மன்னன் கொள்ளைநோய்க்காகத் தொடங்கிய அது, பிறகு தோல் நோய்களுக்கு உலகப் புகழ் பெற்றது. தலைமுடிக்கென்றே சபூரோ பெயரில் ஒரு சிகிச்சை நிலையம் இன்றும் அங்கே உண்டு. லாச்சப்பலிலிருந்து நடந்தே போகலாம்.

18. புற்றுநோய் சிகிச்சையிலோ புழுவெட்டிலோ முடி போனவர்களுக்கு, வைத்தியர் ‘புரொத்தேஸ் கபிலேர்’ என்று எழுதிக் கொடுத்தால் செயற்கை முடிக்குச் சமூகக் காப்பீடு பணம் தரும். வகையைப் பொறுத்துத் தொகை மாறும். வாங்கும் முன் காப்பீட்டின் அமெலி இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் முழுக்காசையும் கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

19. முதலில் உங்கள் குடும்ப வைத்தியரிடம் போய்க் கடிதம் வாங்குங்கள். நேராகத் தோல் நிபுணரிடம் போனால் காப்பீடு திருப்பித் தரும் பங்கு 70 வீதத்திலிருந்து 30 வீதமாகக் குறையும். எப்போது தொடங்கியது, குடும்பத்தில் யாருக்கு உண்டு, என்னென்ன மாத்திரை, என்னென்ன எண்ணெய், கடைசிப் பிரசவம் அல்லது காய்ச்சல் எப்போது என்று ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி, படங்களோடு கொண்டு போங்கள். அம்மாவுக்கு மொழி தெரியாவிட்டால் பிள்ளைகள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். நிபுணரிடம் நேரம் கிடைக்கவே பல கிழமைகள் ஆகும். ஆகவே சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த போத்தல் எண்ணெய் முடியும் வரை காத்திராமல் இன்றே நேரம் எடுத்துவிடுங்கள்.