குளிர்சாதன மோட்டார் சுழலாவிடில் செய்யத்தக்கது

நம் அங்கத்தினர் இல்லங்களிலும் குளிர்சாதனம் இன்று அரிய பொருளன்று. கோடை நடுவில் அது வெறுங்காற்றை வீசத் தொடங்கினால், வெளிச்சுவரில் மாட்டிய பெட்டியருகே சென்று செவிகொடுத்துக் கேட்க வேண்டும். விசிறி நின்றிருக்க உள்ளே உறுமல் மட்டும் எழுமாயின், மோட்டார் எரிந்துவிட்டதென முடிவு கட்டிவிடலாகாது. நாம் அவ்வாறு முடிவு கட்டிச் சில ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புதிய விசிறி மோட்டார் பொருத்தினோம். இரண்டே வாரத்தில் அதுவும் அதே உறுமலுடன் நின்றது. குற்றம் மோட்டாருடையதன்று; பொருத்தியவர் மீண்டும் இணைத்துச் சென்ற பழைய கண்டென்சருடையது. அதன் விலை சில நூறு ரூபாயே.

கிணற்று மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் பெறும் விவசாயிகள், அது தானே சுழலத் தொடங்குவதைக் கண்டிருப்பர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்துக்கு அவ்வாற்றல் இல்லை. ஒரே கம்பிச் சுற்றில் காந்தப்புலம் ஏறி இறங்குமேயன்றிச் சுழலாது. ஆகவே இரண்டாவது சுற்று ஒன்றை அமைத்து, அதில் கண்டென்சரை இணைத்து, மின்னோட்டத்தைச் சற்று முந்தச் செய்கின்றனர். அதனாலேயே புலம் சுழல்கிறது. கண்டென்சர் நலிந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறும். விசிறி நின்றபின் கம்ப்ரசரும் சூடேறி நின்றுவிடும் என்பதால், உறுமல் கேட்டவுடன் நிறுத்திவிடுதல் நன்று.

ரிமோட்டில் நிறுத்தினால் மட்டும் போதாது. சுவரிலுள்ள பிரேக்கரையே இறக்கிவிட வேண்டும். பின்னர் விசிறி இலையைக் கையால் சுழற்றிப் பார்க்கலாம். முரணினாலும் கரகரத்தாலும் பேரிங் பழுது. தடையின்றிச் சுழன்றால் கண்டென்சரையே ஐயுற வேண்டும். மின்சாரம் ஓடும்போது இலையைக் குச்சியால் தள்ளிவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு; அதை நாம் ஒப்புவதில்லை.

பிரேக்கரை இறக்கிய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டுத் தீப்பொறி பறக்கவிடுவது ஆபத்து; 20 ஆயிரம் ஓம் தடை ஒன்றின் வழியே இறக்குவதே முறை. பழக்கமில்லாதோர் இவ்வேலையை மின்பணியாளரிடம் விடுக. உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருந்தால் அளவே வேண்டா, மாற்றிவிடலாம். தோற்றம் நன்றாயிருந்தும் நலிந்திருப்பதுண்டு. மேலே 4 மைக்ரோஃபாரட் என்றிருக்க மீட்டர் 3 காட்டினால் அது பயன்படாது. புதியது அதே மைக்ரோஃபாரட் உடையதாகவும், வோல்ட் அளவில் குறையாததாகவும் இருத்தல் வேண்டும்.

கண்டென்சர் நன்றாயிருந்தால்தான் மோட்டாரைச் சோதிக்க வேண்டும். மூன்று கம்பிகள் வெளிவரும் மோட்டாரில் இரண்டிரண்டாக ஓம் அளந்தால், பெரிய அளவு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக வரும். எக்கம்பிக்கும் உலோகக் கூட்டுக்கும் தொடர்பு இருத்தலாகாது. மோட்டார் சூடாயிருக்கையில் தொடர்பே காட்டாவிடில், உள்ளிருக்கும் வெப்பக் காப்பு துண்டித்திருக்கலாம். ஆறவிட்டு மீண்டும் அளக்க வேண்டும். தறியுள்ள வீடுகளில் பஞ்சுத்தூசி பெட்டியின் தகடுகளை அடைத்து, கம்ப்ரசரை இவ்வாறே சூடாக்கி நிறுத்துவதுண்டு.

இன்வெர்ட்டர் வகைக்கு இம்முறை பொருந்தாது. அதன் பலகையில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரம் தங்கியிருக்கும். அதைத் திறவாமலிருப்பதே நலம்.

கழற்றி வைத்த நம் பழைய மோட்டாரைப் பின்னர் அளந்து பார்த்தோம். சுற்றுகள் குறையின்றி இருந்தன. அது இன்னும் பரண்மீது கிடக்கிறது.