உறுதியான இணைப்புக் கம்பி: மாணவர்களே செய்யலாம்

ஆறாம் வகுப்பு மின்னியல் பாடத்தில் மாணவர் அமைத்த சுற்றில் விளக்கு எரியாவிட்டால், முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்க்கிறோம். பிறகு பல்பை மாற்றுகிறோம். பல நேரங்களில் குறை கம்பியின் முனையில்தான் இருக்கும். முறுக்கிய இணைப்பு தளர்ந்திருக்கும். அல்லது காப்புறைக்குள்ளேயே இழைகள் அறுந்திருக்கும். இது தெரியாத மாணவர், தாம் அமைத்த சுற்றே தவறு என்று எண்ணிவிடுவார்.

2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளின் மாணவர்களைச் செய்து கற்க வைக்கிறது. வெள்ளிமலை போன்ற கல்வராயன் மலை ஊர்களில் ஒரு கம்பி பழுதானால், மாற்று வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்க வேண்டியிருக்கும். கம்பியை நன்றாகச் செய்யவும் பழுது பார்க்கவும் மாணவர்களுக்குத் தெரிந்தால் சோதனை தடைபடாது.

தேவையானவை: பல இழைச் செம்புக் கம்பி (சிவப்பு, கறுப்பு), ரப்பர் உறையுள்ள குரோகோடைல் கிளிப்புகள், பிளக்ஸ் உள்ள ஈயக்கம்பி, சால்டரிங் அயர்ன்.

செய்முறை
1. 30 செ.மீ. கம்பியை வெட்டி, முனையில் 1 செ.மீ. காப்புறையை நீக்குக. இழை ஒன்றுகூட அறுபடக் கூடாது.
2. கிளிப்பின் ரப்பர் உறையை முதலிலேயே கம்பியில் கோத்துவிடுக. பற்றவைத்த பின் அது நுழையாது.
3. இழைகளை முறுக்கிக் கிளிப்பில் வைத்து, இரண்டையும் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் உருகிப் பரவச் செய்க.
4. கிளிப்பின் பின்புற மடிப்புகளைக் காப்புறையின் மேல் அழுத்தி மடித்து, ரப்பர் உறையை இழுத்து மூடுக.

நான்காம் படியை விட்டுவிடக் கூடாது. ஈயம் ஊறிய பகுதி விறைத்துவிடும். கம்பி வளையும்போது அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் அறும். மடிப்பு காப்புறையைப் பிடித்துக்கொண்டால் இழுவிசை இணைப்பைத் தாக்காது. திருகு முனையில் பொருத்தும் கம்பிக்கு மட்டும் ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, திருகு தளர்ந்துவிடும்.

சோதித்தல்: இரண்டு 1.5 வோல்ட் மின்கலங்கள், 100 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி. ஆகியவற்றோடு புதிய கம்பியைத் தொடராக இணைத்து, முனைகளை மெல்ல வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளி சிமிட்டினால் இணைப்பு சரியில்லை. எரியவே இல்லையெனில் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பு: பற்றவைப்பை ஆசிரியர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும், முடிந்ததும் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும். தொடக்க வகுப்புகளில் சால்டரிங் அயர்ன் வேண்டாம். கம்பியைக் கிளிப்பில் முறுக்கி, காப்பு நாடா சுற்றினால் போதும். இக்கம்பிகளை வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இணைக்கக் கூடாது.

மதிப்பீடு: பழுதான கம்பி ஒன்றை ஒவ்வொரு குழுவுக்கும் கொடுங்கள். எங்கே அறுந்தது, ஏன் அங்கே அறுந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லட்டும். சரிசெய்த கம்பி பள்ளியின் கருவிப் பெட்டியில் சேரட்டும்.