எஞ்சினுக்கு நாடி பார்ப்போம்

இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டில் அமைந்த ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ஏரிப் பக்கத்திலிருந்து கடலுக்குச் செல்லும் படகுகள் முகத்துவாரத்தைக் கடந்தாக வேண்டும். அங்கே மணல் தூர்ந்து ஆழம் குறையும், அலை உடையும். உடையும் அலைக்குப் படகின் முகம் நேராக இருக்க வேண்டும். அவ்விடத்தில் எஞ்சின் தளர்ந்தால் படகு குறுக்கே திரும்பும். குறுக்கே நிற்கும் படகை அடுத்த அலை கவிழ்த்துவிடவும் கூடும். ஆகவே 'எஞ்சின் மிஸ் அடிக்குது' என்பது கடற்கரை மக்களுக்கு வெறும் பழுதைப் பற்றிய பேச்சன்று. உயிரைப் பற்றிய பேச்சாகும்.

துடுப்பும் பாயும் துணை நின்ற தொழிலில் எஞ்சின் புகுந்தது நெடுங்காலத்திற்கு முன்பன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைக்கரையில் இறங்கத்தக்க டீசல் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. இன்று எஞ்சினின் குணமறிவதும் காற்றின் குணமறிவதைப் போலவே தேவையாகிவிட்டது. அந்த அறிவுக்கு இயற்பியல் எவ்வாறு உதவும் என்பதைக் காண்போம்.

மிஸ் அடித்தல் என்பது என்ன?

சிலிண்டருக்குள் எரிபொருள் ஒருமுறை எரிவதை ஒரு நாடித்துடிப்பு எனக் கொள்ளலாம். ஒற்றைச் சிலிண்டர் கொண்ட இரண்டு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடினால், நொடிக்கு 50 முறை எரிதல் நிகழ வேண்டும். 1876-இல் ஆட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு முறையில் அதே வேகத்தில் 25 முறை. இவற்றுள் சில துடிப்புகள் தவறிப்போவதே 'மிஸ்'. ஓசை உடைகிறது, படகு உதறுகிறது, வலு குறைகிறது, எரியாத எண்ணெய் புகையாக வெளியேறுகிறது.

துடிப்புக்கு மூன்று தேவை: காற்றோடு தக்க அளவில் கலந்த எரிபொருள், போதிய அழுத்தம், உரிய நேரத்தில் பொறி. இவற்றுள் குறைபட்டது எது என்று கண்டுபிடிப்பதே வேலை. ஆய்வுக்கூடத்தில் நாம் பின்பற்றும் விதியே இங்கும் விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; விளைவைப் பார்; பிறகு அடுத்ததற்குச் செல். பிளக்கை மாற்றி, கார்புரேட்டரையும் கழற்றி, காயிலையும் புதிதாகப் போட்டால் எஞ்சின் ஓடலாம். ஆனால் எதனால் ஓடியது என்பது தெரியாது. குறை மறுபடி வந்தால் மறுபடியும் மூன்று செலவு.

தொடங்குமுன்

அவுட்போர்டு எஞ்சினைத் தண்ணீரின்றி ஓட்டலாகாது. குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இறக்கை விரைவில் கருகிவிடும். வீட்டு முற்றத்தில் சோதிப்பதானால் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நீர் நிறைந்த பீப்பாயில் காலை இறக்கி ஓட்ட வேண்டும். பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது.

முதற் சோதனை: எரிபொருள்

இதற்குச் செலவில்லை, எனவே இது முதலில். டாங்கின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து அசையாமல் வையுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் மூன்றும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை. ஆகவே நீர் கலந்திருந்தால் அடியில் தனியே தங்கும். மழையிலும் அலைத்தெறிப்பிலும் புழங்கும் கேனில் நீர் சேர்வது எளிது.

அடுத்து, டாங்கு மூடியிலுள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வருவது தடைப்படும். நன்றாகத் தொடங்கிய எஞ்சின் சில நிமிடங்களில் தளர்ந்தால் முதலில் இதையே பார்க்க வேண்டும். பின்னர் வடிகட்டியும் குழாய் இணைப்புகளும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் கூட்டும்போது மட்டும் மிஸ் அடித்தால், எண்ணெய் போதவில்லை என்று ஐயுறலாம். கார்புரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெடும்; திரவம் விட்டுக் கழுவி, காற்றால் ஊதுவதே முறை.

இரண்டாம் சோதனை: பொறி

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் எது துடிக்கவில்லை என்று முதலில் அறிய வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் தொப்பியைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சின் உலோகத்தைத் தொடுமாறு கட்டிவிட்டு ஓட்டுங்கள். இவ்வாறு இரண்டையும் தனித்தனியே சோதித்தால், எதை நிறுத்தியபோது ஓசை மாறவில்லையோ அதுவே நோயுற்ற சிலிண்டர். ஓடும்போது தொப்பியைக் கையால் இழுக்கக் கூடாது. அங்கிருப்பது பல்லாயிரம் வோல்ட்.

இப்போது பிளக்குகளைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளிர் பழுப்பு நலம். உலர்ந்த கரிய புகைப்படிவு, எண்ணெய் மிகுதி. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எண்ணெய் குறைவு அல்லது மிகைச் சூடு. நனைந்திருந்தால் எண்ணெய் வந்தும் எரியவில்லை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எனவே அதில் ஓடும் எஞ்சினின் பிளக்கில் கரி விரைவில் படியும். இடைவெளியை எஞ்சின் கையேட்டிலுள்ள அளவுக்குச் சரிசெய்து, இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். குறையும் இடம் மாறினால் பிளக்கே குற்றவாளி. குறை பழைய சிலிண்டரிலேயே நின்றால் தொப்பி, வயர், காயில் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளியில் வைத்த பிளக்கில் பொறி வந்தது, எனவே மின்சாரம் சரி என்று முடிவு கட்டலாகாது. 1889-இல் பாஷன் கண்ட விதியின்படி, இத்தகைய இடைவெளியில் வாயுவின் அழுத்தம் கூடக் கூடப் பொறி தாவ அதிக வோல்ட் தேவை. வெளிக்காற்றில் தாவும் நலிந்த பொறி, சிலிண்டரின் அழுத்தத்தில் தாவாமல் போகலாம்.

உப்பும் இதனோடு சேரும். வயர்மீது படிந்த உப்பு ஈரத்தை இழுத்து மின்சாரத்துக்குக் கள்ளவழி ஆகிறது. எஞ்சின் ஓடும்போது இருட்டில் தள்ளி நின்று பார்த்தால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். எஞ்சினை நிறுத்தியபின் நன்னீர் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தினால் பல மிஸ்கள் அன்றே தீரும்.

மூன்றாம் சோதனை: அழுத்தம்

எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கை மட்டும் கழற்றி, இரண்டு வயர்களையும் உலோகத்தோடு இணைத்து, கயிற்றை மெல்ல இழுங்கள். மற்றச் சிலிண்டரின் எதிர்ப்பு கையில் தெரியும். மாறி மாறிச் சோதித்து ஒப்பிடுங்கள். ஒன்று தளர்வாக வந்தால் பிஸ்டன் வளையமோ கேஸ்கெட்டோ கெட்டிருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை. ஆயினும் என்ன கெட்டது என்று சொல்லத் தெரிந்து அவரிடம் செல்வது வேறு, தெரியாமல் செல்வது வேறு.

டீசலுக்குத் தனி விதி

1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்குப் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைக் கொளுத்துகிறது. நீண்ட வாலுடைய படகு எஞ்சின்கள் பெரும்பாலும் இவ்வகை. இதில் மிஸ் அடித்தால் எண்ணெய்க் குழாயில் காற்று, எண்ணெயில் நீர், வடிகட்டி அடைப்பு, இன்ஜெக்டர் குறை என்ற வரிசையில் பார்க்க வேண்டும். கைப்பம்பை இயக்கி, காற்றுத் திருகு வழியே குமிழி நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை விடுவது முதல் மருந்து. தொடர்ந்த வெண்புகை எரியாத எண்ணெயையும், கரும்புகை மிகை எண்ணெய் அல்லது காற்றுக் குறைவையும், நீலப்புகை மசகெண்ணெய் எரிவதையும் காட்டும். இன்ஜெக்டர் பீச்சும் வழியில் விரலை நீட்டவே கூடாது. உயர் அழுத்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே, அடர்த்தியும் அழுத்தமும் மின்கடத்தலும் தேர்வுத்தாளோடு முடிபவை அல்ல. ஒரு கண்ணாடிப் புட்டியும், பிளக் சாவியும், இடம் மாற்றிப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் பல குறைகளை முற்றத்திலேயே கண்டுவிடலாம். கண்டதை ஒரு நோட்டில் தேதியிட்டுக் குறித்து வைத்தால் அடுத்த குறைக்கு அதுவே வழிகாட்டி. ஒன்று மட்டும் உறுதி: முற்றத்தில் அடிக்கும் மிஸ், முகத்துவாரத்தில் தானாகச் சரியாகாது. ஐயம் தீராத எஞ்சினோடு கடலுக்குப் போகாமல், ஒரு நாள் வருவாயை விட்டாலும் கரையில் நின்று காரணம் காண்பதே அறிவுடைமை.