குதிரைவீரர் படங்களும் நம் கடமையும்

பட்டினப்பாக்கக் கடற்கரையில் மாலைதோறும் அளவளாவும் மாணவராகிய யாம், ‘கௌபாய்’ எனப்படும் அமெரிக்கக் குதிரைவீரர் படங்களைப் பலகாற் புகழ்ந்துள்ளோம். அவ்வகைப் படங்கள் தமிழிலும் உண்டென்பதைப் பலர் அறியார். ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கி, ஜெய்சங்கர் நடித்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’ (1972) என்பன அத்தகையன.

இவற்றைச் சுவைக்கும் நெறி நம் இலக்கணத்திலேயே உளது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். வெட்டவெளியும் உச்சி வெயிலுமே இப்படங்களின் முதற்பொருள். மேனாட்டுக் கதைகளில் பயிலும் ஆநிரை கவர்தல் நம் வெட்சித்திணை அன்றோ?

சுவைத்தல் மட்டும் போதாது, தொகுத்தலும் வேண்டும். நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ (1918) என்னும் ஊமைப்படத்தின் படி ஒன்றும் எஞ்சவில்லை. ஏடு தேடி ஊர்தோறும் அலைந்தார் சாமிநாதையர். நாமும் வீட்டுப் பரண்களில் உறங்கும் பாட்டுப் புத்தகங்களையும் விளம்பரத் தாள்களையும் இன்றே தேடி, ஆண்டு குறித்துப் பேணுவோமாக.